கம்பளத்தின் முதுகு

கம்பளம் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், கடைக்காரர் விரித்துக் காட்டியதும் ஒரு மூலையைப் பிடித்துத் திருப்பிப் போடுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். விலை கேட்கும் முன், எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்கும் முன் அதைச் செய்துவிட வேண்டும். கம்பளத்தின் முகத்தைக் கழுவி மினுமினுக்க வைக்கலாம், வெளுத்த இடத்தில் சாயம் தொட்டு மறைக்கலாம், புதியதைப் பழசாகக் காட்டலாம். முதுகில் அந்த வேலையெல்லாம் அவ்வளவு சுலபமில்லை. இதை யாரும் எனக்குச் சொல்லாத காலத்தில் 2,800 திர்ஹாம் கொடுத்து ஒரு கம்பளம் வாங்கினேன்.

அப்போது ஷார்ஜாவில் வேலை. வளைகுடாவில் இருக்கும் நம்மவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது பேரீச்சை, அத்தர், பெட்டியில் பாதியை அடைக்கிற கம்பளிப் போர்வை என்று வாங்குவார்கள். எனக்கு ஆசை முழுக்கப் பாரசீகக் கம்பளத்தின் மேல். காலித் ஏரிக்கரையில் இருக்கும் நீல நிற சென்ட்ரல் சூக்கின் மாடியில் வரிசையாகக் கம்பளக் கடைகள் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் வாங்குகிற எண்ணமே இல்லாமல் அங்கே சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் வாங்கியது அங்கே இல்லை, வேறோர் இடத்தில். அந்தக் கடையின் பெயர் வேண்டாம். ‘கோம் பட்டு’ என்றார் விற்றவர். கோம் ஈரானில் பட்டுக் கம்பளத்துக்குப் பேர்போன ஊர் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். வெளிச்சத்தில் ஒரு பக்கமிருந்து பார்த்தால் வெள்ளியாகவும் மறுபக்கமிருந்து பார்த்தால் நீலமாகவும் மின்னியது. நம்பிவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து அதன்மேல் ஒரு டம்ளர் தண்ணீர் கவிழ்ந்தது. வெறும் தண்ணீர். காய்ந்த பிறகு அந்த இடம் மட்டும் மஞ்சள் பாய்ந்து, பழைய பெயின்ட் பிரஷ் மாதிரி விறைத்துப் போய் நின்றது. என்ன தேய்த்தும் பழைய மினுக்கம் திரும்பவில்லை. பழைய கம்பளங்களைக் கழுவித் தைத்துக் கொடுக்கும் ஓர் ஈரானியப் பெரியவரைப் பற்றிக் கூட வேலை பார்த்தவர் சொன்னார். சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு போனேன்.

அவர் ஹமதான் பக்கத்துக்காரர். கிழிந்த கம்பளத்தைத் திரும்ப முடிச்சுப் போட்டு எடுக்கும் ரஃபூ வேலை. எல்லோரும் அவரை உஸ்தாத் என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே. வளைகுடா இந்தியில்தான் பேசிக்கொள்வோம். கம்பளத்தின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. மடித்து, முதுகைக் கட்டைவிரலால் தடவினார், ஓரத்திலிருந்து ஒரு இழையை ஊசியால் நெம்பி எடுத்து லைட்டரைக் காட்டினார். குப்பென்று பற்றி எரிந்து, காகிதம் எரிந்த வாசனை வந்தது. பிறகு தன் வேலைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டுப் பட்டு நூலை எடுத்து எரித்தார். அது சுருண்டு கருகி, தலைமுடி தீய்ந்த நாற்றம். “பேட்டா, இது மரக்கூழ்” என்றார் என்னுடையதைக் காட்டி.

விஸ்கோஸ். கடைகளில் அதற்குப் பல பெயர்: ஆர்ட் சில்க், பாம்பூ சில்க், தாவரப் பட்டு. பெயரில் பட்டு இருக்கும், பொருளில் ஒரு இழைகூட இருக்காது. விஸ்கோஸ் நனைந்தால் வலுவிழந்துவிடும். தரையில் விரித்து நடக்கிற பொருளுக்கு இதைவிடப் பொருந்தாத நூல் வேறு இல்லை. பருத்தியை மெர்சரைஸ் செய்து மினுக்கிப் பட்டு என்று விற்பதும் உண்டு. பட்டு என்று சொல்லி விற்கும் எதற்கும் ஓரத்தில் ஒரு இழையை எரித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். விலை உயர்ந்த பட்டுக் கம்பளம் விற்கிற நல்ல வியாபாரி தானே லைட்டரை எடுத்துக் கொடுப்பார். முகம் சுளித்தால் வெளியே வந்துவிடுங்கள்.

அந்தக் கம்பளத்தை அவரால் சரிசெய்ய முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வருஷம், விடுமுறை நாட்களில் அவர் பட்டறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். எனக்குச் சொந்த ஊர் பவானி. பெரியப்பா வீட்டில் ஜமுக்காளத் தறி இருந்தது. நெட்டு நூலான பாவு, குறுக்கு நூலான ஊடை என்ற சொற்கள் எழுத்துக் கற்றுக்கொள்வதற்கு முன்பே காதில் விழுந்தவை. ஜமுக்காளத்தில் ஊடைதான் நிறம் காட்டும், பாவு உள்ளே மறைந்துவிடும். ஈரான், துருக்கி, ஆப்கானிஸ்தானில் நெய்யும் கிலீமும் அடிப்படையில் அதே மாதிரிதான், தட்டையான நெசவு. முடிச்சுக் கம்பளம் அதிலிருந்து ஒரு படி தாண்டிப் போகிறது, அந்த ஒரு படியில்தான் மாதக்கணக்கான உழைப்பு இருக்கிறது.

பாவு நூல்களைத் தறியில் நெட்டுக்குக் கட்டிவிடுவார்கள். இரண்டிரண்டு பாவு நூலாகப் பிடித்து, அதன்மேல் ஒரு சிறு கம்பளி நூலைச் சுற்றி முடிந்து, கத்தியால் அறுத்துவிடுவார்கள். நூலின் இரண்டு முனைகளும் முன்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் நாம் தடவிப் பார்க்கும் மெத்தைப் பரப்பு. ஒரு வரிசை முடிந்ததும் ஊடையை ஒரு தடவையோ இரண்டு தடவையோ குறுக்கே ஓட்டி, கனமான சீப்பால் அடித்து இறுக்குவார்கள். திரும்ப அடுத்த வரிசை. இப்படியே லட்சக்கணக்கில்.

முடிச்சில் இரண்டு வகை. நூல் இரண்டு பாவையும் சுற்றிக்கொண்டு நடுவில் வெளியே வந்தால் துருக்கி முடிச்சு. ஒரு பாவை மட்டும் சுற்றி, பக்கத்துப் பாவின் பின்னால் சும்மா போய் வெளியே வந்தால் பாரசீக முடிச்சு. பெயரை வைத்து ஊரைத் தீர்மானிக்க முடியாது: ஈரானிலேயே தப்ரீஸ், ஹெரிஸ், ஹமதான் எல்லாம் துருக்கி முடிச்சுதான். பாரசீக முடிச்சுக்கு ‘சென்னே முடிச்சு’ என்றும் ஒரு பெயர் உண்டு, சென்னே என்பது இன்றைய சனந்தாஜ் நகரத்தின் பழைய பெயர், ஆனால் அந்த ஊர் நெசவாளர்கள் போடுவது துருக்கி முடிச்சு! எது உயர்ந்தது என்ற பேச்சே தேவையில்லை. கவனிக்க வேண்டியது ஜுஃப்தி என்ற மூன்றாவது ஒன்றை. இரண்டு பாவுக்குப் பதில் நான்கு பாவைச் சேர்த்துப் பிடித்து ஒரே முடிச்சு போட்டுவிடுவது. வேலை பாதியாகக் குறையும், கம்பளியும் பாதி மிச்சம், கம்பளம் சீக்கிரம் தேயும். முன்பக்கம் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முதுகில் அந்த முடிச்சுகள் மற்றவற்றைவிட அகலமாகப் படுத்திருக்கும்.

முதுகைப் பார்க்கச் சொல்வதற்கு இது மட்டும் காரணமில்லை. கையால் முடிச்சுப் போட்ட கம்பளத்தில் முன்பக்க வடிவம் அப்படியே பின்பக்கமும் தெளிவாகத் தெரியும், வரிசைகள் மனுஷக் கை போனமாதிரி கொஞ்சம் ஏறி இறங்கி இருக்கும். இரண்டு முனைகளிலும் தொங்கும் குஞ்சம் பாவு நூலேதான். கம்பளத்துக்குள்ளிருந்து வெளியே வரும். குஞ்சம் தனியாகத் தைத்து ஒட்டப்பட்டிருந்தால் அது இயந்திரச் சரக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். இயந்திரக் கம்பளம் வாங்குவதில் தப்பே இல்லை, அதற்குரிய விலையில் வாங்கினால்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதன் மேல். துணியை இழுத்துக் கட்டி, கையில் பிடிக்கும் ஒரு கருவியால் கம்பளி நூலை அதில் குத்தி ஏற்றி, பின்னால் லேட்டக்ஸ் பசை பூசி, அதை மறைக்க இன்னொரு துணியை ஒட்டிவிடுவார்கள். ஹேண்ட் டஃப்டட் என்பார்கள். முடிச்சே கிடையாது, நூலைப் பிடித்துக்கொண்டிருப்பது பசை மட்டும்தான். சில வருஷத்தில் பசை காய்ந்து மாவாக உதிரும், மழைக்காலத்தில் ரப்பர் வாசனை அடிக்கும். கையால் இயக்கும் கருவி என்பதால் ‘கைவேலை’ என்ற சொல்லுக்குள் நுழைந்துவிடுகிறது. முதுகில் துணி ஒட்டியிருந்தால் அதன்மேல் முடிச்சுக் கம்பளத்தின் விலையைக் கொடுக்காதீர்கள். கடைகளில் இப்போது அதிகம் கண்ணில் படுவது இந்த ரகம்தான்.

சரி, கையால் முடிச்சுப் போட்டதுதான் என்று உறுதியாகிவிட்டது. அடுத்து எல்லாக் கடையிலும் முடிச்சுக் கணக்கு வரும். சதுர அங்குலத்துக்கு இத்தனை என்று. தப்ரீஸ்காரர்கள் ராஜ் என்ற அளவில் சொல்வார்கள்: ஏழு சென்டிமீட்டர் அகலத்தில் எத்தனை முடிச்சு என்பது. 50 ராஜ் என்றால் சதுர அங்குலத்துக்குச் சுமார் 330. ஈரானில் நாயீன் என்ற ஊர்க்காரர்களின் கணக்கு வேறு, லா என்பார்கள். குஞ்சத்தில் ஒரு பாவு நூலை எடுத்து முறுக்கைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே எத்தனை இழை இருக்கிறது என்பது. மூன்று புரி, ஒவ்வொன்றிலும் மூன்று இழை என்றால் 9 லா. மூன்று புரியில் இரண்டிரண்டு என்றால் 6 லா. இரண்டு புரியில் இரண்டிரண்டு என்றால் 4 லா. எண் குறையக் குறையப் பாவு மெல்லிசு, நெசவு நுட்பம், விலை ஏற்றம். இதைக் கடையிலேயே விரலால் பிரித்து எண்ணிவிடலாம், கடைக்காரர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

ஆனால் முடிச்சு எண்ணிக்கைதான் தரம் என்று நினைப்பதை நான் முழுவதும் விட்டுவிட்டேன். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அர்தபீல் கம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஹிஜ்ரி 946 என்று நெய்திருக்கிறது, அதாவது 1539-40. மக்சூத் காஷானி என்ற பெயரும் இருக்கிறது, மேலே பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் இரண்டு வரிகள். பத்தரை மீட்டர் நீளம், ஐந்தேகால் மீட்டருக்கு மேல் அகலம். 1893-இல் ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸின் சிபாரிசோடு 2,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். உலகத்தில் இவ்வளவு பேசப்பட்ட கம்பளம் வேறு இல்லை என்றே சொல்லலாம். அதன் முடிச்சு எண்ணிக்கை பத்து சென்டிமீட்டர் சதுரத்துக்கு 5,300, சதுர அங்குலக் கணக்கில் சுமார் 340. இன்று ஸ்ரீநகரில் ஒரு நல்ல கடையில் 324 முடிச்சுக் கம்பளம் சர்வசாதாரணமாக விரித்துக் காட்டுவார்கள். எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான்! வித்தியாசம் வரைந்தவரின் கண்ணிலும், சாயம் போட்டவரின் கையிலும், ஆட்டு மயிரிலும் இருக்கிறது. அர்தபீல் கம்பளத்தில் பாவும் ஊடையும்தான் பட்டு. மேலே நிற்கும் பரப்பு கம்பளி.

தப்ரீஸுக்குக் கிழக்கே ஹெரிஸ் கிராமங்களில் நெய்வது நேர் எதிர். சதுர அங்குலத்துக்கு நூறைக்கூடத் தொடாத முடிச்சு, நேர்கோட்டில் வெட்டி வெட்டிப் போகும் பெரிய பெரிய வடிவங்கள், முரட்டு ஆள் மாதிரி கனம். மூன்று தலைமுறை நடந்த பிறகும் அப்படியே கிடக்கும். மெல்லிசாக நெய்ய வேண்டியது வளைந்து நெளியும் கொடியும் பூவும் இருக்கிற நகரத்துக் கம்பளத்தை, அங்கே முடிச்சு போதாவிட்டால் பூ உடைந்துபோகும். மலைச்சாதியினரின் கம்பளத்தில் அதைத் தேடுவது, பட்டமடைப் பாயின் மெல்லிசை ஜமுக்காளத்தில் தேடுவது மாதிரி.

உஸ்தாத் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் முக்கியமானது கம்பளி. உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய், பிறகு கையை முகர்ந்து பார் என்பார். குளிர் மலையில் மேய்ந்த ஆட்டின் மயிரில் இயற்கையான கொழுப்பு இருக்கும், அதுதான் அழுக்கை உள்ளே விடாது. நல்ல கம்பளி மேலே நடக்க நடக்க மெருகேறும். கொர்க் என்று சொல்வது இளம் ஆட்டின் கழுத்து, நெஞ்சுப் பகுதி மயிர், அது தனி மென்மை. இறந்த ஆட்டுத் தோலில் சுண்ணாம்பு போட்டு உரித்து எடுக்கும் மயிரும் ஒன்று இருக்கிறது, தபாச்சி என்பார்கள். உயிரில்லாத, தொட்டால் வறட்டென்று இருக்கிற கம்பளி. அதில் 400 முடிச்சு போட்டிருந்தாலும் பத்து வருஷம் தாங்காது. விரலால் சுரண்டிப் பாருங்கள்; புதுக் கம்பளத்தில் கொஞ்சம் பிசிறு வரும், அது சகஜம், ஆனால் நாலைந்து தடவை சுரண்டிய பிறகும் குப்பை குப்பையாக உதிர்ந்தால் யோசியுங்கள்.

அப்புறம் சாயம். ரூனாஸ் என்று ஈரானில் சொல்கிற வேர்தான் அந்தச் சிவப்பு; நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மஞ்சிட்டியின் நெருங்கிய உறவு. அதில் இருக்கும் அலிசரின் என்ற பொருள் சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பு ஏற்றிய நம் சாயவேரிலும் உண்டு. நீலத்துக்கு அவுரி. மாதுளைத் தோல், வால்நட் தோடு, இஸ்பரக் என்ற மஞ்சள் பூச்செடி. பிடிப்புக்குப் படிகாரம். 1856-இல் வில்லியம் பெர்கின் லண்டனில் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு அந்த வகைச் சாயங்கள் கிழக்கேயும் போய்ச் சேர்ந்தன. முதலில் வந்தவை வெயிலில் வெளுத்து, தண்ணீரில் ஓடின. ஈரான் அரசு 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தடை போட்டே பார்த்தது. ஆனால் பின்னால் வந்த குரோம் சாயங்கள் நன்றாக நிற்பவை, அவற்றைக் குறைசொல்ல மாட்டேன். துருக்கியில் 1981-இல் தொடங்கிய டோபாக் திட்டம் கிராமத்துப் பெண்களிடம் வேர்ச்சாயத்தைத் திரும்பக் கொண்டுவந்தது, இன்று ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் வேர்ச்சாயத்தில் புதிதாக நெய்கிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துச் சிவப்பு, கறுப்பு இடங்களில் ஒரு நிமிஷம் அழுத்தித் தேயுங்கள். நிறம் ஏறினால் வேண்டாம். முடிச்சுகளைப் பிளந்து வேர்ப்பகுதியையும் பாருங்கள். நுனி வெளுத்து அடி அடர்த்தியாக இருந்தால் வெயிலில் கிடந்திருக்கிறது. அடி வெள்ளையாக, நுனியில் மட்டும் நிறம் இருந்தால் தேய்ந்த இடத்தில் யாரோ பூசியிருக்கிறார்கள்.

ஒரே நீலம் நடுவில் திடீரென்று ஒரு பட்டை மட்டும் கொஞ்சம் இளம் நீலமாக ஓடுவதைப் பார்த்து நான் முதலில் குறை என்று நினைத்தேன். அப்ரஷ் என்று பெயர். ஒரு தடவை தோய்த்த நூல் தீர்ந்து அடுத்த தடவை தோய்த்தது வேறு மாதிரி வந்திருக்கும், அவ்வளவுதான். தறியில் இருந்த பெண்ணின் நாட்கள் அதில் தெரிகிற மாதிரி எனக்குப் படும். கடவுள் ஒருவரே குறையில்லாதவர் என்பதால் நெசவாளர்கள் வேண்டுமென்றே ஒரு தவறு விடுவார்கள் என்று எல்லாக் கடையிலும் ஒரு கதை சொல்வார்கள். உஸ்தாதிடம் கேட்டேன். “ஒரு கம்பளத்தில் பத்து லட்சம் முடிச்சு, தவறைத் தேடிப் போக வேண்டுமா?” என்றார்.

பத்து லட்சம் என்பது மிகை இல்லை. நாலுக்கு ஆறடி, சதுர அங்குலத்துக்கு 324 என்றால் மொத்தம் 11,19,744 முடிச்சு. கைதேர்ந்த ஒருவர் நாளுக்கு எட்டாயிரம் போடுகிறார் என்று வையுங்கள், 140 வேலைநாள். இந்தக் கம்பளத்தை யாராவது 25,000 ரூபாய்க்குக் கொடுத்தால், கம்பளி, சாயம், கழுவும் கூலி, கடை லாபம் எதையும் கழிக்காமலே நாளுக்கு 180 ரூபாய்கூட வராது. அப்படியானால் சொன்ன முடிச்சு பொய்யாக இருக்க வேண்டும், அல்லது நெய்தவர் வயிற்றில் அடித்திருக்க வேண்டும். பேரம் பேசும் முன் இந்தக் கணக்கை ஒருதரம் மனசில் போட்டுவிடுகிறேன். கம்பளத் தொழிலில் குழந்தைகளைத் தறியில் உட்கார வைத்த வரலாறு நிஜம். அதை எதிர்த்துத்தான் கைலாஷ் சத்யார்த்தி 1994-இல் ரக்மார்க் முத்திரையைக் கொண்டுவந்தார், இப்போது அது குட்வீவ் என்ற பெயரில் இருக்கிறது. இந்திய, நேபாளக் கம்பளம் வாங்கும்போது அந்த முத்திரையைக் கேளுங்கள்.

இந்தியாவில் வாங்குகிறவர்களுக்குக் காஷ்மீரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே வடிவத்தைத் தாலிம் என்ற குறியீட்டில் எழுதி வைக்கிறார்கள். இந்த நிறத்தில் இத்தனை முடிச்சு, அடுத்து அந்த நிறத்தில் இத்தனை என்று நீளமான தாள்களில் சுருக்கெழுத்து மாதிரி. ஒருவர் பாட்டாக வாசிக்க, தறியில் இருப்பவர்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டே போவார்கள். ஈரான் நகரங்களில் நக்ஷே என்ற கட்டம் போட்ட வண்ணப்படத்தைப் பார்த்து நெய்கிறார்கள், ஃபார்ஸ் மாகாணத்து நாடோடிப் பெண்களோ எதையும் பார்க்காமல் நினைவிலிருந்தே. அவர்கள் தறி தரையில் படுக்கையாகக் கிடக்கும், கூடாரத்தைக் கிளப்பும்போது தறியையும் கழற்றிக் கட்டுவார்கள், அதனால்தான் கஷ்காய் என்ற அந்த நாடோடிகளின் கம்பளங்களில் ஓரம் பல சமயம் நேராக இராது. ஃபார்ஸ், காஷான் இரண்டு இடத்து நெசவையும் யுனெஸ்கோ 2010-இல் தன் பட்டியலில் சேர்த்தது.

காஷ்மீர் கடையில் காஷான், தப்ரீஸ் என்ற பெயர்களைக் கேட்டுக் குழம்ப வேண்டாம், அது வடிவத்தின் பெயர், ஊரின் பெயர் அல்ல. காஷ்மீர் முடிச்சுக் கம்பளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, பரிசோதித்து ஒட்டிய முத்திரையோடு விற்கிறார்கள், அதைப் பார்த்து வாங்குங்கள். பதோஹி, மிர்ஸாபூர் பக்கத்துச் சரக்குக்கும் குறியீடு உண்டு. பெயர் மாற்றும் பழக்கம் பொதுவானது. ஸீக்லர் என்பது 1883 முதல் சுல்தானாபாத்தில், இன்றைய அராக்கில், கம்பளம் நெய்ய வைத்த மான்செஸ்டர் கம்பெனி. இன்று அந்தப் பெயரில் விற்கும் வெளிர்நிறக் கம்பளங்கள் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் நெய்தவை. பல அருமையாகவே இருக்கும். ஈரான் சரக்கு என்று நினைத்து அந்த விலை கொடுக்காமல் இருந்தால் சரி.

ஈரான் நெசவாளர்கள் பட்ட அடி வேறு. அமெரிக்கா 1987-இல் ஈரான் இறக்குமதியைத் தடை செய்தது, 2000-இல் கம்பளத்துக்கு விலக்குக் கொடுத்தது, 2010-இல் திரும்பத் தடை, 2016-இல் திறப்பு, 2018-இல் மறுபடி மூடல். ஒரு பெரிய கம்பளம் தறியில் இரண்டு வருஷம் இருக்கும். ஆரம்பிக்கும்போது இருந்த சந்தை முடிக்கும்போது இல்லை என்றால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? உஸ்தாத் ஊரில் தன் தங்கை தறியைக் கழற்றி வைத்துவிட்டதாக ஒருநாள் சொன்னார், அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

முதலீடு என்ற பேச்சை நம்பி யாரும் வாங்க வேண்டாம். 2013-இல் நியூயார்க்கில் ஒரு 17-ஆம் நூற்றாண்டுக் கம்பளம் 3.37 கோடி டாலருக்கு ஏலம் போனது உண்மைதான், கடைக்காரர்கள் அதை மறக்காமல் சொல்வார்கள். நீங்களும் நானும் வாங்கும் கம்பளத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வாங்கிய மறுநாள் திரும்ப விற்கப் போனால் பாதி விலைகூட வராது. எழுபது சதவீதத் தள்ளுபடி என்று அறிவித்தால் முதலில் போட்ட விலை விலையே இல்லை என்று அர்த்தம். கோம் பட்டில் மேல் ஓரத்தில் பட்டறையின் பெயர் நெய்திருப்பார்கள், அந்தப் பெயரையும் சேர்த்தே வேறு நாட்டில் நெய்து விற்கிறார்கள், ஆகவே கையெழுத்து ஒரு சான்று ஆகாது. தேநீரிலோ ரசாயனத்திலோ தோய்த்துப் பழசாக்கியதையும் அடிக்கடி பார்க்கலாம்.

என்னைக் கேட்டால் முதல் கம்பளத்தை நாற்பது ஐம்பது வருஷம் ஓடிய கிராமத்துச் சரக்காக வாங்குவேன். ஹமதான், பலூச், ஹெரிஸ், பிஜார். பிஜாரை இரும்புக் கம்பளம் என்பார்கள், ஊடையை நனைத்து அடித்து அடித்து இறுக்குவதால் மடிக்கக்கூட வராது, சுருட்டத்தான் வேண்டும். பழசில் சாயம் ஓடுமா, கம்பளி தாங்குமா என்பதற்கு வருஷங்களே பதில் சொல்லியிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள், ஓட்டை தெரியும். இரண்டு கையாலும் லேசாக முறுக்குங்கள். சடசடவென்று சத்தம் வந்தால் பாவு இற்றுப்போயிருக்கிறது, எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் கவலை இல்லை.

நம் ஊர் ஈரக்காற்றில் கம்பளத்துக்கு எதிரி பூச்சிதான். அந்துப்பூச்சிப் புழு கம்பளியைத்தான் தின்னும், அதுவும் சோபாவுக்கு அடியில், யாரும் காலே வைக்காத இருட்டு மூலையில். ஆறு மாதத்துக்கு ஒருதரம் திருப்பிப் போட்டு முதுகிலும் வாக்குவம் பிடியுங்கள், தலைமாடு கால்மாடாக மாற்றி விரியுங்கள். எடுத்து வைப்பதானால் பருத்தித் துணியில் சுருட்டி வையுங்கள், பாலிதீனில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். எதையாவது கொட்டிவிட்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். டிரை கிளீனிங் வேண்டவே வேண்டாம்.

ஷார்ஜாவை விட்டுக் கிளம்புவதற்கு முந்தைய வருஷம் உஸ்தாத் பட்டறையில் மடித்துக் கிடந்த ஒரு ஹமதான் கம்பளத்தை 900 திர்ஹாமுக்கு வாங்கினேன். நாலுக்கு ஆறரை. மங்கிய சிவப்பு, நடுவில் கருநீல வைர வடிவம், ஒரு மூலை எலி கடித்துப் போயிருந்தது. அந்த மூலையை நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்படி மூன்று வெள்ளிக்கிழமை எடுத்துக்கொண்டு சரிசெய்தார். முதலில் பாவு நூலை ஒவ்வொன்றாகக் கட்டி நீட்டினார், அப்புறம் முடிச்சு. பழைய கிலீமிலிருந்து பிரித்து வைத்திருந்த சிவப்பு நூல் அதற்குச் சரியாகப் பொருந்தவில்லை, கொஞ்சம் இளசு. நாலைந்து வருஷம் மிதியுங்கள், சேர்ந்துவிடும் என்றார்.

அம்மாவுக்கு வீடியோவில் காட்டியபோது, “ஏங்கண்ணு, நம்ம ஜமுக்காளம் இத்தனை வீட்ல கெடக்குது, எலி கடிச்சதைப் போயி வாங்கியிருக்கறியே” என்று வருத்தப்பட்டார். ஊருக்கு வந்ததும் அதே அம்மா அதன்மேல்தான் மதியம் படுத்துத் தூங்குகிறார். இப்போது ஏழு வருஷம் ஆகிறது. முன்பக்கம் எந்த மூலை என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. திருப்பிப் போட்டால் நாலு விரல் அகலத்துக்கு உஸ்தாத்தின் முடிச்சுகள் தெரியும், மற்றவற்றைவிடக் கொஞ்சம் இறுக்கமாக.